மாறுகண்ணும் விழித்திரையும்: லெம்பா பெர்த்தாமில் பணி தொடங்கும் இளம் கண் பரிசோதகருக்கு

மாறுகண்ணில் இரண்டு கண்களும் ஒரே பொருளின் மேல் நிற்பதில்லை. ஒன்று நேரே பார்க்கும். மற்றது மூக்குப் பக்கமோ காதுப் பக்கமோ, சில சமயம் மேலோ கீழோ விலகி நிற்கும். சிறு வயதில் ஒரே கண் தொடர்ந்து விலகியிருந்தால், அதிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிடுகிறது. அந்தக் கண்ணின் பார்வை வளராமல் நின்றுபோகிறது. இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். அப்படிப் பார்வை குன்றிய கண்ணுக்குள் ஆப்தல்மாஸ்கோப் கொண்டு பார்த்தால் குறை எதுவும் தென்படாது. ரத்தக் குழாய்கள் ஒழுங்காக இருக்கும். பார்வை நரம்பு வட்டு இளஞ்சிவப்பாக, விளிம்பு தெளிவாக இருக்கும். பார்வையோ 6/60 அளவுக்குக்கூடக் குறைந்திருக்கலாம். விழித்திரையில் கண்ணுக்கு எட்டாத மாற்றம் ஏதும் இருக்கிறதா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது மருத்துவ உலகில் விவாதிக்கப்பட்டு வருகிறது.

கேள்விக்கு முதல் பெரிய பதில் 1963இல் வந்தது. டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி வளர்த்துப் பார்த்தார்கள். மாதங்கள் கழித்துத் திறந்தபோது அந்தக் கண் ஏறக்குறையக் குருடாகவே இருந்தது. ஆனால் விழித்திரை பழுதாகவில்லை. மூளைக்குள் கண்ணின் செய்தியை வாங்கி அனுப்பும் இடைநிலையத்தில் செல்கள் சுருங்கியிருந்தன. பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதில் தரும் செல்கள் பெரும்பாலும் மறைந்திருந்தன. இந்த ஆய்வு வரிசைக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. சோம்பேறிக் கண் மூளையில் உள்ள குறை, விழித்திரையில் உள்ளதன்று என்ற கருத்து அதன்பின் பாடநூல்களில் நிலைத்தது. அது இன்றும் பெரும்பாலும் சரிதான்.

1991இல் ஓசிடி கருவி பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது. டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ முதலியோர் உருவாக்கிய இந்தக் கருவி, ஒளியை அனுப்பி அது திரும்பும் நேர வேறுபாட்டைக் கொண்டு விழித்திரையைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பதுபோன்ற படத்தைத் தருகிறது. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. குழந்தை சில நொடிகள் அசையாமல் உட்கார்ந்தால் போதும். மேலே நரம்பிழை அடுக்கு, அதன் கீழ் கேங்லியன் செல்கள், பிறகு இடை அடுக்குகள், அடியில் ஒளி வாங்கும் கூம்புச் செல்கள், அதற்கும் கீழே கோராய்டு என்னும் ரத்தக்குழாய் அடுக்கு என்று ஒவ்வொன்றையும் மைக்ரான் கணக்கில் அளக்க முடிந்தது. மாறுகண், சோம்பேறிக் கண் உள்ளவர்களின் விழித்திரையை அளந்து பல நாடுகளில் ஆய்வுகள் வரத் தொடங்கின.

அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முழுவதும் ஒத்துப்போகவில்லை. தைப்பேயில் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரு கண்களின் பவர் வேறுபாட்டால் வந்த சோம்பேறிக் கண்ணில் நரம்பிழை அடுக்கு சற்றுத் தடித்திருந்ததாகவும், மாறுகண்ணால் வந்ததில் அப்படி இல்லை என்றும் அது சொன்னது. சிட்னியில் 6 வயது, 12 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2009இல் வந்தது. அதில் நரம்பிழை அடுக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கூர்மையான பார்வைக்குரிய ஃபோவியாவின் நடுப்பள்ளம், அதே குழந்தையின் நல்ல கண்ணோடு ஒப்பிட்டால் சராசரியாக 5 மைக்ரான் தடிப்பாக இருந்தது. வேறு சில ஆய்வுகள் கோராய்டு தடித்திருப்பதாகக் கூறின. ரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கும் ஓசிடி முறை வந்தபின், ஃபோவியாவைச் சுற்றியுள்ள மாக்குலாவின் நுண்குழாய் அடர்த்தி குறைவு என்று சில குழுக்கள் கண்டன. குழாயற்ற நடுப்பகுதியின் பரப்பைப் பற்றியோ கருத்து ஒருமிக்கவில்லை.

5 மைக்ரான் என்பது எவ்வளவு? அந்த ஆய்வுக் காலத்துக் கருவிகளால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய தடிப்பே ஏறத்தாழ 10 மைக்ரான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில் அந்த வேறுபாடு தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையிடம் அது எதையும் சொல்லாது. அதே கண்ணை ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்தாலே அந்த அளவுக்கு எண் மாறலாம். ஆகவே தடிப்பை வைத்துச் சோம்பேறிக் கண் என்று முடிவுகட்டுவதற்கோ, நல்ல கண்ணை மறைத்து ஒட்டு போடும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதற்கோ இன்று அடிப்படை இல்லை.

நடுப்பள்ளம் ஏன் தடித்திருக்கக்கூடும் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. குழந்தை பிறக்கும்போது ஃபோவியா முற்றிலும் உருவாகியிருப்பதில்லை. உள் அடுக்குகள் நடுவிலிருந்து மெல்ல ஒதுங்குகின்றன; கூம்புச் செல்கள் நடுவை நோக்கி நகர்ந்து நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. இது பிறந்தபின்னும் சில ஆண்டுகள் தொடர்கிறது. தெளிவான படம் விழாத கண்ணில் இந்த நகர்வு முழுமை பெறாமல் போகலாம் என்பது கருத்து. கேட்க நியாயமாகவே இருக்கிறது, ஆனால் நிறுவப்படவில்லை. இதைப் பெற்றோரிடம் உறுதியான செய்தியாகச் சொல்லக் கூடாது. அளவீட்டில் நேரும் பிழைகள் அதே எண்ணைத் தந்துவிடக் கூடியவை என்பதால் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியமாகிறது.

பிழைகளில் முதன்மையானது, குழந்தை எதைக் கொண்டு பார்க்கிறது என்பது. ஓசிடி எடுக்கும்போது கருவிக்குள் தெரியும் குறியைக் குழந்தை நோக்குகிறது. அது நோக்கும் இடமே ஃபோவியா என்று கொண்டு கருவி தன் வட்டங்களை வரைகிறது. நெடுநாள் மாறுகண்ணில் இந்த அனுமானம் உடைகிறது. சோம்பேறிக் கண் பல வேளை ஃபோவியாவை விட்டு அதற்குப் பக்கத்து இடத்தால் பார்க்கப் பழகியிருக்கும். விழித்திரையில் 1 பாகை என்பது ஏறத்தாழ 0.3 மி.மீ. குழந்தை 2 பாகை தள்ளிப் பார்த்தால் கருவியின் மையம் 0.6 மி.மீ. நகர்கிறது. தடிப்பு அளக்கும் நடுவட்டத்தின் ஆரமோ 0.5 மி.மீ.தான். பள்ளத்தின் அடி வட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. வட்டத்துக்குள் விழுவது பள்ளத்தின் கரை. பல கருவிகளில் நடுவட்டத்தின் இயல்பான அளவு 250 முதல் 270 மைக்ரான், சுற்று வளையத்தின் அளவு 300க்கு மேல். எனவே எந்த நோயும் இல்லாத கண்ணில் பத்துக்கணக்கான மைக்ரான் தடிப்பு கூடியதுபோல் தாளில் அச்சாகிறது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த எதுவும் வேண்டியதில்லை. ஆப்தல்மாஸ்கோப்பில் உள்ள நட்சத்திரக் குறியை விழித்திரையில் விழச் செய்து, நல்ல கண்ணை மூடிக்கொண்டு, அந்த நட்சத்திரத்தையே பார்க்கச் சொன்னால் போதும். ஃபோவியாவின் சிறு ஒளிப்புள்ளி நட்சத்திரத்தின் நடுவில் வந்து நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா என்று பரிசோதகர் நேரே பார்த்துவிடலாம். பக்கத்தில் நின்றால், ஓசிடி படத்தில் பள்ளத்தின் அடியைக் கையால் தேடி மையத்தை அங்கே திருத்திவைத்த பிறகே எண்களைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது பிழை கண்ணின் நீளத்தால் வருகிறது. உள்மாறுகண் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தூரப்பார்வை உண்டு. விலகும் கண்ணில் அது கூடுதலாகவும் இருக்கும். தூரப்பார்வைக் கண் குட்டையானது. நரம்பிழை அடுக்கை அளக்கக் கருவி, நரம்பு வட்டைச் சுற்றி ஏறத்தாழ 3.4 மி.மீ. விட்டத்தில் ஒரு வளையம் வரைகிறது. எல்லாக் கண்ணும் ஒரே நீளம் என்று கொண்டுதான் பெரும்பாலான கருவிகள் அதை வரைகின்றன. குட்டைக் கண்ணில் அந்த வளையம் உண்மையில் வட்டுக்கு நெருங்கி விழுகிறது. அங்கே நரம்பிழைகள் ஒன்றாகக் கூடுவதால் அடுக்கு தடிப்பாகத் தெரியும். கிட்டப்பார்வையால் நீண்ட கண்ணில் வளையம் தள்ளி விழுந்து அடுக்கு மெலிந்ததாகத் தெரியும். பவர் வேறுபாட்டால் வந்த சோம்பேறிக் கண்ணில் தடிப்பு கூடியதாகச் சொன்ன முடிவுகளில் ஒரு பங்கையாவது இது விளக்கிவிடும். கோராய்டுக்கும் இதே கதைதான்: குட்டைக் கண்ணில் அது இயல்பிலேயே தடிப்பு. கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் கிட்டப்பார்வையும் வெளிமாறுகண்ணும் மிகுதி. சிங்கப்பூர்ச் சீனக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் மாறுகண் 0.80 சதவீதம், அதில் வெளிமாறுகண் உள்மாறுகண்ணைப் போல் 7 மடங்கு. மேலை நாட்டுத் தூரப்பார்வைப் பிள்ளைகளிடம் எடுத்த முடிவுகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

கண் முறுக்கம் மூன்றாவது. கீழ்ச் சாய்தசை மிகையாக இயங்கும் மாறுகண்ணில் கண்ணே தன் அச்சில் வெளிநோக்கிச் சுழன்றிருக்கும். இயல்பாக ஃபோவியா நரம்பு வட்டின் மையத்துக்குச் சில பாகை கீழே இருக்கும். முறுக்கத்தில் அது இன்னும் கீழே இறங்குகிறது. நரம்பிழை வரைபடத்தின் இரண்டு மேடுகளும் அதற்கேற்ப இடம் மாறும். கருவி அந்த இடத்தைச் சிவப்பில் காட்டிவிடும். கிளாக்கோமா என்று பயந்து பிள்ளையை ஆண்டுக்கணக்கில் அலைய விடுவதற்கு இந்தச் சிவப்பு காரணமாகக் கூடாது. கருவியின் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களே பெரும்பாலும் பெரியவர்களின் அளவுகளைக் கொண்டு வகுத்தவை என்பதையும் மறக்கலாகாது. 7 வயதுப் பிள்ளையின் தாளில் நிறத்தைப் பார்க்காமல், அதே பிள்ளையின் இரு கண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் தொழிலுக்கு வேண்டிய விதி ஒன்று கிடைக்கிறது. மாறுகண் தானாக விழித்திரையில் உண்டாக்கும் மாற்றம் மிகச் சிறியது, சில மைக்ரான்தான். ஆகவே மாறுகண் உள்ள ஒருவரின் விழித்திரையில் தெளிவான மாற்றம் தெரிந்தால் அதை மாறுகண்ணின் விளைவென்று எழுதிவிடக் கூடாது. பெரும்பாலும் விழித்திரை நோய் முதலில் வந்திருக்கும். பார்வை இழந்த கண் அதன் பிறகு விலகியிருக்கும்.

அத்தகைய விழித்திரை நோய்களில் உயிருக்கே ஆபத்தானது ரெட்டினோபிளாஸ்டோமா. குழந்தையின் கண்ணுக்குள் தோன்றும் புற்றுநோய்களில் இதுவே அதிகம்; 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வருகிறது. கண்மணியில் வெள்ளைப் பளபளப்பு இதன் முதல் அறிகுறி. அதற்கு அடுத்தபடி அதிகம் தெரிவது மாறுகண்தான். கட்டி மாக்குலாவில் தொடங்கினால் வெள்ளை தெரிவதற்கு முன்பே கண் விலகிவிடும். அந்த வாரங்களில் 'பிறகு பார்க்கலாம்' என்று அனுப்பப்படும் குழந்தை கண்ணை இழக்கக்கூடும். சில வேளை உயிரையும் இழக்கும். புதிதாகக் கண் விலகும் எந்தக் குழந்தையையும் கண்மணி விரித்து விழித்திரை பார்க்காமல் விடக் கூடாது. இந்த ஒரு விதியில் விலக்கே கிடையாது.

மற்றவை நிதானமானவை, ஆனால் தவறவிடத்தக்கவை அல்ல. கருவிலேயே தாக்கும் டாக்ஸோபிளாஸ்மா மாக்குலாவில் கரிய விளிம்புடைய வெள்ளைத் தழும்பை விட்டுச்செல்லும். அந்தக் கண்ணுக்கு எத்தனை மாதம் ஒட்டு போட்டாலும் பார்வை எதிர்பார்த்த அளவுக்கு ஏறாது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு விழித்திரை காதுப் பக்கம் இழுபட்டு மாக்குலாவே இடம் பெயர்ந்திருக்கலாம். அக்குழந்தைக்கு வெளிமாறுகண் இருப்பதுபோலவே தோன்றும். ஒரு கண்ணை மூடித் திறந்து பார்த்தால் மற்றக் கண் அசையாது. அது உண்மை மாறுகண் அன்று. அறுவைசிகிச்சை செய்தால் இல்லாத கோணலை உண்டாக்கியதாகும். கண் ஆட்டமும் சேர்ந்திருக்கும் பிள்ளையிடம் ஓசிடி தன் முழுப் பயனையும் தருகிறது. நடுப்பள்ளமே இல்லாமல், உள் அடுக்குகள் நடுவைத் தாண்டி ஒரே கோடாக ஓடினால் ஃபோவியா உருவாகவில்லை என்று பொருள். தோல் நிறமிக் குறைவு, கருவிழிப் படலக் குறைவு, குறைப்பிரசவம் ஆகியவற்றை அப்போது தேட வேண்டும். பரம்பரை விழித்திரை நோய்களும் இங்கே வரும். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என்று உறவுக்குள் மணந்த தமிழ்க் குடும்பமானால் பெற்றோரிடம் அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேட்க வேண்டும்.

நரம்பிழை அடுக்கு இரு கண்ணிலும் நன்றாகத் தடித்து, வட்டின் விளிம்பு மங்கி, அண்மையில் உள்மாறுகண் தொடங்கி, தலைவலியும் காலை வாந்தியும் இருந்தால் அது மண்டைக்குள் அழுத்தம் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். அழுத்தத்தால் ஆறாவது மூளை நரம்பு செயலிழந்து கண் உள்ளே திரும்புகிறது. அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நிலை இது. மறுபுறம், அடுக்கு ஒரு கண்ணில் தெளிவாக மெலிந்திருந்தால் பார்வை நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு டார்ச்லைட் போதும். இருட்டறையில் ஒளியை ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாற்றி மாற்றி அடிக்கும்போது, சோம்பேறிக் கண் மட்டுமானால் கண்மணி ஏறக்குறைய ஒழுங்காகவே சுருங்கும். ஒளி படும்போது கண்மணி சுருங்காமல் விரிந்தால் சோம்பேறிக் கண் என்ற முடிவை நிறுத்திவைத்து நரம்பு நோயைத் தேட வேண்டும்.

லெம்பா பெர்த்தாமில் வேலை பார்ப்பவருக்கு இந்த எளிய சோதனைகள் ஏன் முக்கியம் என்பது இடத்தை அறிந்தவருக்கு விளங்கும். ரிங்லெட் ஊரை ஒட்டிய இந்த மலைப் பள்ளத்தாக்கில் காய்கறித் தோட்டமும் சரிவுகளில் தேயிலையுமாக வாழ்க்கை ஓடுகிறது. போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் இந்த மலையில் இருக்கின்றன. மேல்சிகிச்சைக்குத் தானா ராத்தா மருத்துவமனையைத் தாண்டி ஈப்போவுக்குப் போக வேண்டுமென்றால் மலைப் பாதையில் இறங்கியாக வேண்டும். தாயோ தந்தையோ ஒரு நாள் சம்பளத்தை விட்டுத்தான் பிள்ளையைக் கூட்டிப்போக முடியும். ஓசிடி எடுப்பதற்கென்றே ஒரு நாள், எண் சரியில்லை என்று மறுபடி ஒரு நாள் என்று இழுத்தால், மூன்றாம் முறை அந்தக் குடும்பம் வராது. எனவே மலையிலேயே முடிக்க வேண்டியதை மலையில் முடித்துவிட வேண்டும்: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே பார்வை அளவு, கண்ணை மூடித் திறக்கும் சோதனை, டார்ச்லைட்டில் கண்மணி, சிவப்பொளிப் பிரதிபலிப்பு, நட்சத்திரக் குறிச் சோதனை. அனுப்பும் கடிதத்தில் இவற்றின் முடிவும், விலகல் எப்போது தொடங்கியது என்பதும் இருக்க வேண்டும். சொட்டு மருந்தில் கண்மணி விரித்துப் பவர் பார்ப்பதும் விழித்திரை பார்ப்பதும் அதே நாளில் நடக்கும்படி முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்துகொடுப்பது பரிசோதகரின் கடமை. கரிய கண்களில் மருந்து மெதுவாகவே வேலை செய்யும். திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும் என்று பெற்றோருக்கு முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பாதியில் எழுந்துபோக மாட்டார்கள்.

மாறுகண் பிள்ளை வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை தமிழர்களிடம் இன்னும் உண்டு. வளர்ந்தால் தானாகச் சரியாகும் என்பது இன்னொன்று. பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண் அவ்வப்போது விலகுவது இயல்புதான். அதன் பிறகும் விலகினால் இயல்பன்று. பாட்டியின் நம்பிக்கையைப் பழித்துப் பேசிப் பயனில்லை. நல்ல கண்ணைக் கையால் மூடி, பிள்ளை எதிரே இருக்கும் பொம்மையைத் தடுமாறித் தேடுவதை அவர் கண்முன் காட்டினால், அவரே பயணத்துக்குப் பையை எடுத்துவைப்பார்.

சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் 2003இல் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பார்வை குறைந்த கண்களில் 87 சதவீதத்துக்குக் காரணம் கண்ணாடியால் சரியாகும் குறைதான். சோம்பேறிக் கண் 2 சதவீதம். காரணம் விளங்காதவை ஏறத்தாழ 10 சதவீதம். காரணம் விளங்காத அந்தப் பத்தில்தான் ஓசிடியின் இடம் இருக்கிறது. கண்ணாடி போட்டும், ஒழுங்காக ஒட்டு போட்டும், சில மாதங்களில் பார்வை ஏறாத கண்ணில் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு முதல் மருந்து சரியான கண்ணாடிதான். அதற்குப் பிறகு ஒட்டு. மிதமான சோம்பேறிக் கண்ணுக்கு நாளுக்கு 2 மணி நேரம், 6 மணி நேரத்துக்கு ஈடாகப் பலன் தருகிறது என்று அமெரிக்காவில் நடந்த பலமருத்துவமனை ஆய்வு 2003இல் காட்டியது. பள்ளி முடிந்து வந்து வீட்டுப்பாடம் எழுதும் நேரமே இதற்குப் போதும்.

அதே குழு 2005இல் வெளியிட்ட முடிவு மலைப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. 7 முதல் 12 வயதுக்குள் வந்தவர்களில் கண்ணாடி மட்டும் பெற்றவர்களில் நான்கில் ஒருவருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு ஏறியது; ஒட்டும் சொட்டு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு ஏறியது. ஒன்பது வயதில், பத்து வயதில் முதன்முறையாக வரும் பிள்ளையை வயது கடந்துவிட்டது என்று சொல்லி எந்தப் பரிசோதகரும் திருப்பி அனுப்பக் கூடாது.